பழைய ஆப்பிள் ரகங்களைப் பகிர்ந்து வளர்த்தல்

பயிர்களின் பழைய ரகங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் இப்பொழுது கருத்து வேற்றுமை அதிகமில்லை. எவ்வாறு காப்பாற்றுவது என்பதிலேயே அபிப்பிராய பேதம் இருக்கிறது. அரிய ரகம் ஒன்றைத் தம் தோட்டத்தில் வைத்திருப்பவர், அது பிறர் கைக்குப் போகாதபடி பார்த்துக்கொண்டால்தான் அதன் மதிப்புக் குறையாது என்று எண்ணுவதுண்டு. சர்க்கார் பண்ணையில் இரண்டொரு மரங்கள் இருந்தால் போதும், குடியானவர்கள் அதைப்பற்றிக் கவலைப்படவேண்டியதில்லை என்று எண்ணுவோரும் உண்டு. இவ்விரண்டு எண்ணங்களும் பிழையானவை என்பதற்கு ஆப்பிளின் சரித்திரமே தக்க சான்றாகும். ஆப்பிள் விஷயத்தில், பல கைகளுக்குப் போய்ச் சேர்ந்த ரகங்களே பிழைத்தன. ஒரே கையில் நின்றவற்றுள் பெரும்பாலானவை அந்தத் தோட்டத்தோடு மறைந்தன. மலைப் பிரதேசங்களில் பழத்தோட்டம் வைத்திருக்கும் நிலச்சுவான்தார்களும், அப்பகுதிக் கிராம அதிகாரிகளும் இதனைச் சிந்தித்துப் பார்ப்பது நலம்.

ஆப்பிளின் இயல்பு

நெல்லும் கேழ்வரகும் பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே கருவுறுவன. ஆகையால், நல்ல கதிரிலிருந்து எடுத்து வைத்த விதை அடுத்த போகத்தில் அதே ரகத்தைத் தருகிறது. ஆப்பிள் அத்தகையதன்று. அதன் ரகங்களில் மிகப் பலவற்றின் பூ, தன் மகரந்தத்தால் காய் பிடிப்பதில்லை. வேறொரு ரகத்தின் மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். ஆகவே, ஒரே பழத்திலுள்ள ஐந்து விதைகளை ஊன்றினால் ஐந்து மரங்களும் ஐந்து விதமாக இருக்கும். தாய் மரத்தைப் போன்றது அவற்றுள் ஒன்றும் இராது. பெரும்பாலானவை சிறுத்தும் புளித்தும் காய்க்கும். எப்பொழுதோ ஒரு விதை மட்டும் மேலான மரமாக அமையும்.

அவ்வாறு அமைந்த மரத்தைப் பெருக்குவதற்கு ஒட்டுக்கட்டுவதே வழி. மல்கோவா மாமரம் வைத்திருப்பவர்களுக்கு இது புதிய செய்தியன்று. அம்மரத்தின் குச்சியை வேறொரு வேர்ச்செடியின்மேல் ஒட்டினால் அதே மரம் மறுபடியும் தழைக்கிறது. எனவே, ஒரு பெயரால் வழங்கும் ஆப்பிள் மரங்கள் எல்லாம், எத்தனை தேசங்களில் நின்றாலும், முதன்முதல் முளைத்த ஒரே மரத்தின் கிளைகளே. பெரிய வேர்ச்செடியில் ஒட்டிய மரம் நூறு வருஷமளவு நிற்கலாம்; குட்டை வேர்ச்செடியில் ஒட்டியது அதில் மூன்றிலொரு பங்கு காலம் நின்றாலே நன்று. அதற்குள் யாரேனும் ஒருவர் அதன் குச்சியை வெட்டி வேறோரிடத்தில் ஒட்டாவிட்டால், அந்த ரகம் உலகத்திலிருந்தே போய்விடும். பிற்காலத்தில் எவ்வளவு பொருள் செலவிட்டாலும் அதை மீண்டும் உண்டாக்க இயலாது.

கொடுத்ததனால் பிழைத்தவை

இங்கிலாந்தில் சமையலுக்கு உபயோகமாகும் ஆப்பிள்களில் தலைசிறந்தது ‘பிராம்லி’ என்னும் ரகம். 1809-ஆம் வருஷத்தில் நாட்டிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த சவுத்வெல் என்ற ஊரில், மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்னும் சிறுமி ஊன்றிய விதையிலிருந்து அது முளைத்தது. 1846-இல் அந்த வீடு மாத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரரின் கைக்கு வந்தது. 1856-இல் ஹென்றி மெர்ரிவெதர் என்னும் பதினேழு வயது இளைஞர், அம்மரத்தின் பழத்தைக் கண்டு குச்சிகள் வெட்டிக்கொள்ள அனுமதி கேட்டார். பிராம்லி மறுக்கவில்லை, பழத்துக்குத் தம் பெயரையே வைக்கவேண்டும் என்ற ஒரு நிபந்தனை மாத்திரம் விதித்தார். இளைஞர் அதற்கு இசைந்து, ஒட்டுக்கன்றுகளைப் பெருக்கி விற்கலானார். 1883-இல் ராயல் தோட்டக்கலைச் சங்கம் அந்த ரகத்துக்கு முதல் தர நற்சான்று அளித்தது. 1900-இல் புயலில் தாய் மரம் சாய்ந்தது; சாய்ந்த கிளை மீண்டும் வேரூன்றித் தழைத்தது. பிற்காலத்தில் வேரைத் தாக்கும் காளான் நோய் அதைப் பற்றிக்கொண்டது. ஆயினும் ரகத்துக்கு அபாயமில்லை. அது எண்ணற்ற தோட்டங்களில் இருக்கிறது. அன்று மரத்துக்கு உடையவர் குச்சி தர மறுத்திருப்பாரானால், அவர் பெயரை இன்று அறிவார் யாரும் இரார்.

இதனினும் கவனிக்கத்தக்கது அமெரிக்காவின் ‘நார்தர்ன் ஸ்பை’ என்னும் ரகத்தின் வரலாறு. 1800-ஆம் வருஷத்தையொட்டி, கனெக்டிகட் ராஜ்யத்திலிருந்து கொண்டுவந்த விதைகளை, நியூயார்க் ராஜ்யத்தின் ஈஸ்ட் புளூம்ஃபீல்டு என்னும் ஊரில் ஹீமன் சேப்பின் என்பவர் ஊன்றினார். அவற்றுள் ஒரு மரம் காய்ப்பதற்கு முன்னரே பட்டுப்போயிற்று. ஆனால் அதன் வேரடியில் கிளைத்த பக்கக்கன்றுகளை ராஸ்வெல் ஹம்ஃப்ரி என்பவர் பெயர்த்துக்கொண்டு போய்த் தம் நிலத்தில் நட்டிருந்தார். பழம் முதலிலே கண்டது அங்கேதான். பழம் எப்படியிருக்கும் என்பதைக் கொடுத்தவரும் அறியார், வாங்கினவரும் அறியார்.

இந்த ரகத்தின் பெரும் பயன் அதன் பழத்தில் மட்டும் அடங்கவில்லை. ஆப்பிள் மரத்தின் கிளைகளிலும் வேர்களிலும் வெண்பஞ்சு படிந்தாற்போல் கூடி, சாற்றை உறிஞ்சி, முடிச்சுகளை உண்டாக்கும் கம்பளி அசுவினி என்னும் பூச்சி, நார்தர்ன் ஸ்பையின் வேரை எளிதில் பற்றுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் அப்பூச்சியால் தோட்டங்கள் பாழானபோது, இந்த ரகத்தையே வேர்ச்செடியாகக் கொண்டனர். பின்னர் இங்கிலாந்தில் ஈஸ்ட் மாலிங், மெர்ட்டன் ஆகிய இடங்களிலிருந்த ஆராய்ச்சி நிலையத்தார், நார்தர்ன் ஸ்பையைக் கலந்து எம்.எம். 106, எம்.எம். 111 முதலிய வேர்ச்செடிகளை உண்டாக்கினர். காஷ்மீரத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் இன்று நடப்படும் ஒட்டுக்கன்றுகளில் பல இவ்வேர்ச்செடிகள்மேல் நிற்பவை. பட்டுப்போன ஒரு மரத்தின் பக்கக்கன்றுகளை அண்டை நிலத்துக்காரர் ஒருவர் பெயர்த்து நட்டிராவிடில், இத்தனை தேசத்துக் குடியானவர்களும் இந்த நன்மையை இழந்திருப்பர்.

கொடாததனால் மறைந்தவை

1905-ஆம் வருஷத்தில் அமெரிக்க விவசாய இலாகா, டபிள்யூ. எச். ரேகன் என்பவர் தொகுத்த ஆப்பிள் பெயர்ப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 1804 முதல் 1904 வரை அத்தேசத்து நூல்களிலும் பத்திரிகைகளிலும் குறிக்கப்பட்ட ஆப்பிள் பெயர்கள் அதிலே பல்லாயிரக்கணக்கில் காணப்படுகின்றன. ஒரே ரகத்துக்குப் பல பெயர்கள் வழங்கியதைக் கழித்துப் பார்த்தாலும், அன்றிருந்த ரகங்களில் பெரும் பகுதி இன்று எங்கும் இல்லை.

அக்காலத்து அமெரிக்கக் குடியானவர் ஒரே வகை ஆப்பிளை வைத்துக்கொண்டவரல்லர். கோடையில் முந்திப் பழுப்பது ஒன்று, சீவி உலர்த்துவதற்கு ஒன்று, சாறு பிழிவதற்கு ஒன்று, காடிக்கு ஒன்று, நிலவறையில் வசந்தகாலம் வரையில் கெடாமலிருப்பது ஒன்று என்று வைத்திருந்தனர். ரயில் பாதையும் குளிர்சாதனக் கிடங்கும் வந்தபின், தூரத்துச் சந்தைகள் ஒரே நிறமும் ஒரே அளவுமுள்ள சில ரகங்களையே கேட்டன. மற்றவை கவனிப்பாரின்றி நின்று, மூத்தோர் காலத்தோடு பெயரும் மறந்து, நகரங்கள் விரிந்தபோது வெட்டப்பட்டன.

நியூ ஜெர்ஸி ராஜ்யத்தில் சாறு பிழிவதற்குப் பேர்பெற்றிருந்த ‘ஹாரிஸன்’ என்னும் ரகம், இருபதாம் நூற்றாண்டில் மறைந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1976-இல் லிவிங்ஸ்டன் என்னும் ஊரில், பழைய ஆலை ஒன்றையொட்டி நின்ற ஒரு மரம் அதுவென அறியப்பட்டு, குச்சிகள் எடுக்கப்பட்டன. அம்மரம் விரைவில் வெட்டுண்டது. இப்பொழுது ஹாரிஸன் கன்றுகளை நாற்றங்கால்காரர்கள் விற்கிறார்கள். சாறு வியாபாரத்துக்காகவே புதுத் தோட்டங்கள் போடப்பட்டிருக்கின்றன. இத்தனைக்கும் ஆதாரம் காலத்தில் வெட்டியெடுத்த சில குச்சிகளே.

இதற்கு மாறானது ‘டாலிவர்’ என்று உச்சரிக்கப்படும் டாலியஃபெரோ ரகத்தின் கதி. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்ஸன் தம் மாண்டிசெல்லோ தோட்டத்தில் அதை வைத்திருந்தார். அதன் சாற்றைப் புகழ்ந்து கடிதங்களும் எழுதியிருக்கிறார். கடிதங்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. மரம் எங்கிருக்கிறது என்பது நிச்சயமாகத் தெரியவில்லை. தேடுகிறவர்கள் தேடிக்கொண்டேயிருக்கிறார்கள். ஒரு ரகத்தைப்பற்றிய எழுத்து, அந்த ரகத்துக்கு ஈடாகாது என்பதை இது காட்டும்.

சில ரகங்களையே நம்புவதன் தீமை

சந்தை விரும்புவதை விட்டுப் பழையவற்றைப் பேணுவது லாபத்துக்கு விரோதமன்றோ என்று கேட்கலாம். இக்கேள்வி அலட்சியப்படுத்தத் தக்கதன்று. குடியானவர் முதலில் தம் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவர். ஆயினும் ஒன்றிரண்டு ரகங்களையே முழுவதும் நம்பினோர் பட்ட பாடும் கணக்கில் சேரவேண்டும். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதிகளில் ‘பால்ட்வின்’ என்ற ரகமே நெடுங்காலம் வியாபாரப் பயிராக இருந்தது. 1933–34-ஆம் வருஷக் குளிர்காலத்தின் கடுமையில், மெயின் ராஜ்யத்தில் அந்த மரங்களில் பெரும்பாலானவை மாண்டன. அதன்பின் பால்ட்வின் தன் பழைய நிலையை அடையவேயில்லை.

அயோவா ராஜ்யத்தில் ஜெஸ்ஸி ஹையட் என்பவர் நிலத்தில் தானே முளைத்த மரத்திலிருந்து வந்தது ‘ரெட் டெலிஷியஸ்’. ஸ்டார்க் சகோதரர்கள் அதை வாங்கித் தேசமெங்கும் பரப்பினர். பழம் மேலும் சிவப்பாக இருக்கவேண்டும் என்று சந்தை கேட்கக் கேட்க, நிறம் மிக்க கிளைகளையே தேர்ந்து ஒட்டிப் பெருக்கினர். நிறம் ஏறியது, தோல் தடித்துச் சுவை குன்றியது. பல பத்து வருஷங்கள் அத்தேசத்தில் முதலிடம் வகித்த அந்த ரகத்தை, 2018-இல் ‘காலா’ ரகம் உற்பத்தியில் முந்தும் என்று அத்தேசத்து ஆப்பிள் சங்கத்தாரே கணித்தனர். ரெட் டெலிஷியஸையே நம்பித் தோட்டம் போட்டவர்கள் பெருஞ் செலவில் மரங்களை மாற்ற நேர்ந்தது.

இந்தியாவிலும் இத்தகைய அநுபவம் உண்டு. காஷ்மீரத்தின் சொந்த ஆப்பிள் ‘அம்ப்ரி’ என்பது. சிவப்புக் கோடுகளும் நறுமணமும் உடையது. நேரஞ்சென்று பழுத்து, சாதாரண அறையிலேயே நெடுநாள் கெடாமல் இருப்பது. அது காய்ப்புக்கு வர அதிக வருஷங்கள் எடுத்துக்கொள்வதாலும், டெலிஷியஸ் வகைகளுக்குச் சந்தையில் ஆதரவு மிகுந்ததாலும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்ப்ரி தோட்டங்கள் சுருங்கிவிட்டன. டெலிஷியஸ் வகைகள் மலிந்த அப்பள்ளத்தாக்கில், 1973-இல் சொறி நோய் கொள்ளைநோய்போற் பரவிப் பெருஞ் சேதம் விளைத்தது. 1983-இல் இமாசலப் பிரதேசத்திலும் அவ்வாறே நேர்ந்தது. ஆராய்ச்சியாளர்கள் அம்ப்ரியின் மணத்தையும் நெடுநாள் இருக்கும் குணத்தையும் விரும்பி, அதை ரெட் டெலிஷியஸோடு கலந்து ‘லால் அம்ப்ரி’யையும், கோல்டன் டெலிஷியஸோடு கலந்து ‘சுனெஹரி’யையும் உண்டாக்கினர். குடியானவர் சிலர் தம் நிலத்தில் அம்ப்ரியை விட்டுவைத்திருந்ததாலேயே இந்த வேலைக்கு ஆதாரம் கிடைத்தது.

மலைத் தோட்டங்களின் நிலை

தமிழ்நாட்டில் ஆப்பிளுக்கு உரிய இடம் நீலகிரியும் பழனி மலையின் மேற்பகுதியும் மட்டுமே. ஐரோப்பியர்கள் அங்கே குடியேறியபின் தம் தேசத்து ரகங்களைக் கொண்டுவந்தனர். ‘ஐரிஷ் பீச்’, ‘ரோம் பியூட்டி’, ‘பார்லின்ஸ் பியூட்டி’ முதலியவை அம்மலைகளில் வளர்க்கப்பட்டவை. பிறகு தேயிலையும் காய்கறிப் பயிர்களும் கட்டிடங்களும் பெருகின. ஆப்பிள் மரங்கள் குறைந்தன. கொல்லைப்புறங்களில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் பெயர் தெரியாதவை.

இவற்றுள் ஐரிஷ் பீச் என்பது அயர்லாந்தின் ஸ்லைகோ பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியது. அத்தேசத்துப் பழைய ஆப்பிள்களின் வரலாறும் இங்கே பொருத்தமானது. 1940-களில் லாம்ப் என்னும் ஆராய்ச்சியாளர் அயர்லாந்து முழுவதும் தேடிப் பழைய ரகங்களைத் திரட்டினார். பிற்காலத்தில் அயர்லாந்திலேயே அருகிப்போன சில ரகங்கள் இங்கிலாந்தில் பிராக்டேல் என்னுமிடத்துத் தேசியப் பழத்தொகுதியில் நின்றன. 1991-இல் தோன்றிய அயர்லாந்து விதை காப்போர் சங்கத்தார், அங்கிருந்து குச்சிகளை வருவித்துத் தம் தேசத்தில் மீண்டும் நட்டனர். கடல் கடந்து கொடுத்தது, கடல் கடந்து திரும்பி வந்தது.

மலைத்தோட்டக்காரர்கள் எண்ணவேண்டிய இன்னொரு காரணமும் உண்டு. குளிர்தேசத்து ஆப்பிள்களில் பல, மொட்டு விழிப்பதற்கு 7 பாகை செல்ஷியஸுக்குக் கீழ்ப்பட்ட குளிரைச் சுமார் 1,000 மணி நேரம் வேண்டுபவை. அவ்வளவு குளிர் நீலகிரியில் கிடைப்பதில்லை. பூமி வெப்பமடைந்து வருவதால் இமாசலப் பிரதேசத்திலேயே ஆப்பிள் தோட்டங்கள் மேன்மேலும் உயரமான இடங்களை நாடிச் செல்கின்றன. குறைந்த குளிரில் காய்க்கும் ‘அன்னா’ போன்ற ரகங்களை இஸ்ரேல் தேசத்தார் உண்டாக்கியது இத்தகைய குறையைத் தீர்ப்பதற்கே. இந்நிலையில், குளிர் குறைந்த மலையில் பல பத்து வருஷங்களாக ஆண்டுதோறும் காய்த்துவரும் ஒரு பழைய மரம், பழம் சிறிதாயினும், ஆராயத்தக்க பொருளாகும். அதை விறகுக்கு வெட்டுமுன் அதன் குச்சிகளை இரண்டு மூன்று தோட்டங்களில் ஒட்டிவைத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆட்சேபங்களும் சமாதானமும்

சர்க்கார் பண்ணை பார்த்துக்கொள்ளும் என்பது முதல் ஆட்சேபம். பிராக்டேல் தொகுதியில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆப்பிள் ரகங்கள் இருக்கின்றன. உலகத்திலேயே பெரிய தொகுதிகளுள் அதுவும் ஒன்று. ஆயினும் 1990-ஆம் வருஷத்தையொட்டி அங்கிருந்த ஆராய்ச்சி நிலையம் மூடப்பட்டபோது, தொகுதியின் கதியே ஐயத்துக்கு இடமாயிற்று. பலர் முயன்று அதைக் காத்தனர். அதே தேசத்தில் 1903-இல் ஆரம்பித்த லாங் ஆஷ்டன் பழ ஆராய்ச்சி நிலையம், நூறு வருஷம் வேலை செய்து, 2003-இல் மூடப்பட்டது. பண்ணைகள் அவசியமே, மேலான மரங்களைச் சுத்தமாக வைத்திருக்கவும் சந்தேகங்களைத் தீர்க்கவும் அவற்றால் முடியும். ஆனால் வரவு செலவுத் திட்டம் மாறினால் பண்ணையின் கதியும் மாறும். நூறு குடியானவர்களின் கொல்லைகள் ஒரே நாளில் மூடப்படுவதில்லை.

பிறருக்குக் கொடுத்தால் அருமை போய்விடும் என்பது இரண்டாவது ஆட்சேபம். கூடை இரண்டு பழத்துக்கு வியாபாரி வருவதில்லை. வண்டிப் பாரத்துக்கே வருகிறான். ஒரே மரத்தில் நிற்கும் பழத்துக்குச் சந்தையில் பெயரே இல்லை. பெயரில்லாததற்கு விலையும் இல்லை. பத்துத் தோட்டங்களில் காய்க்கத் தொடங்கியபின்புதான் அதற்கு ஒரு மதிப்பு ஏற்படுகிறது. புது ரகங்களைத் தனியுரிமையின் கீழ் வைத்து, கன்றுக்கும் பழத்துக்கும் கட்டணம் வாங்கும் வழக்கம் மேல்நாடுகளில் பரவியிருப்பது உண்மையே. அமெரிக்காவில் 1930-ஆம் வருஷச் சட்டமே ஒட்டுச் செடிகளுக்குத் தனியுரிமை அளித்தது. அது பழைய ரகங்களைச் சாராது. அவை எல்லார்க்கும் பொதுவானவை. இந்தியாவிலும், 2001-ஆம் வருஷத்துப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, விதை உட்படத் தம் விளைபொருளைச் சேமிக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், வியாபாரக் குறியிட்ட விதையாக அல்லாமல் விற்கவும் விவசாயிகளுக்கு உரிமை வழங்கியிருக்கிறது.

பழைய ரகங்கள் எல்லாமே நல்லவையல்ல என்பது மூன்றாவது ஆட்சேபம். இது மெய்யே. சில புளிப்பானவை, சில இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் காய்க்கும், சிலவற்றுக்கு நோய் எளிதில் பிடிக்கும். ஒருவர் தோட்டம் முழுவதையும் இவற்றால் நிரப்பச் சொல்வது புத்தியாகாது. வியாபாரத்துக்கு உரிய ரகங்கள் நிற்கட்டும். அவற்றுள் ஒரு மரத்தின் ஒரு கிளையில் ஒரு பழைய ரகத்தை ஒட்டினால் போதும். நிலமும் நீரும் தனியே வேண்டுவதில்லை. அது மகரந்தம் தந்து மற்ற மரங்களுக்குக் காய்ப்பும் கூட்டலாம். எந்த ரகம் பின்னர் எதற்குப் பயன்படும் என்பதை முன்கூட்டி அறிவது எளிதன்று. நார்தர்ன் ஸ்பையின் வேரை முதலில் யாரும் எண்ணவில்லை.

நோய் பரவும் என்பது நான்காவது ஆட்சேபம். இதுவே எல்லாவற்றிலும் வலியது. கம்பளி அசுவினியும் ஸான்ஹோஸே செதிற்பூச்சியும் இந்தியாவுக்கு வந்தது வெளிநாட்டுக் கன்றுகளோடுதான். தேமல் நோய் முதலிய நச்சுயிரி நோய்கள் குச்சி வழியாகவே ஒரு மரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். சில மரங்களில் அவை கண்ணுக்குப் புலப்படுவதே இல்லை. ஆகையால் பகிர்தல் வேறு, கண்டபடி வாரி வழங்குதல் வேறு. வெளிநாட்டுக் குச்சிகளை 2003-ஆம் வருஷத்துத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி அனுமதி பெற்றே வருவிக்கவேண்டும். பையிலே மறைத்துக் கொண்டுவருபவர் தமக்கும் அயலாருக்கும் தீங்கு செய்கிறார். உள்ளூரிலும் வாடியது, இலை தேமலுற்றது, தண்டு வெடித்தது ஆகிய மரங்களிலிருந்து குச்சி எடுக்கலாகாது. ஒட்டிய கன்றை இரண்டு வருஷம் தோட்டத்தின் ஓரமாகத் தனியே வைத்துப் பார்த்தபின்பே அதிலிருந்து மேலும் குச்சி கொடுக்கவேண்டும்.

செய்யத்தக்கவை

குச்சி எடுப்பதற்கு உரிய காலம், மரம் இலையுதிர்த்து உறங்கும் டிசம்பர், ஜனவரி மாதங்கள். சென்ற வருஷத்து வளர்ச்சியில் எழுதுகோல் பருமனுள்ள, மொட்டுகள் விழிக்காத குச்சிகளே ஏற்றவை. அவற்றை ஈரப்பாசியில் அல்லது ஈரமான மரத்தூளில் சுற்றி, காற்றுப் புகாத உறையிலிட்டு, குளிர்ந்த இடத்தில் வைத்தால் சில வாரங்கள் கெடாது. வேர்ச்செடியில் சாறு ஏறத் தொடங்கும்போது நாக்கு ஒட்டாகக் கட்டவேண்டும். குச்சியை வெட்டிய அக்கணமே பெயர்ச்சீட்டுக் கட்டுவது முக்கியம். பெயர் தெரியாவிட்டால் மரம் நிற்கும் இடம், மாதம், பழத்தின் நிறம், அளவு, சுவை, எவ்வளவு நாள் கெடாதிருக்கும் என்பனவற்றை எழுதவேண்டும். பெயரைக் கற்பித்து எழுதலாகாது; தவறான பெயர் பெயரின்மையினும் கெடுதலானது. அமெரிக்க விவசாய இலாகா 1886 முதல் சித்திரக்காரர்களைக் கொண்டு வரைவித்த ஆயிரக்கணக்கான பழ ஓவியங்கள், இன்று மறைந்த ரகங்களை அடையாளம் காண்பதற்கு உதவுகின்றன. மலைத்தோட்டக்காரர்களுக்கு ஓவியர் வேண்டுவதில்லை. பழத்தை முழுதாகவும் இரண்டாக அறுத்தும் எடுத்த புகைப்படமே போதும்.

மேல்நாடுகளில் இது ஒரு வழக்கமாகவே நிலைபெற்றிருக்கிறது. 1975-இல் ஏற்பட்டு, அயோவாவில் டெக்கோரா என்னுமிடத்தில் நடந்துவரும் விதை காப்போர் பரிமாற்றச் சங்கம், பழைய ஆப்பிள்களுக்கென்றே ஒரு தோட்டம் வைத்திருக்கிறது. பல ஊர்களில் குளிர்காலக் கடைசியில் குச்சிப் பரிமாற்றக் கூட்டங்கள் நடக்கின்றன; பெயர்ச்சீட்டுக் கட்டிய குச்சிகளைக் கொண்டுவந்து வைத்து, தமக்கு வேண்டியவற்றை எடுத்துச் செல்கிறார்கள். இங்கிலாந்தில் 1990-ஆம் வருஷம் அக்டோபர் 21-ஆந் தேதி தொடங்கிய ஆப்பிள் தினத்தன்று, பெயர் தெரியாத பழங்களைக் கொண்டுவந்து தேர்ந்தவர்களிடம் காட்டிக் கேட்பது வழக்கமாயிற்று. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஆண்டுக்கு ஒருநாள் இவ்வாறு கூடுவதற்குப் பெருஞ் செலவு ஆகாது. பண்ணையிலுள்ள அதிகாரி ஒருவர் உடனிருந்து நோயுற்ற குச்சிகளை விலக்கினால், மேற்சொன்ன அபாயமும் பெரிதும் நீங்கும்.

கிராம அதிகாரிகளின் உதவி இங்கே இன்றியமையாதது. 2002-ஆம் வருஷத்து உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் ஒரு மேலாண்மைக் குழு அமைத்து, தன் எல்லையிலுள்ள பயிர், மரம், பிராணி இவற்றைப்பற்றிய மக்கள் பதிவேடு ஒன்றைத் தயாரிக்கவேண்டும். அப்பதிவேட்டை, வந்த படிவத்தை நிரப்பி அனுப்பும் காரியமாகக் கருதாமல், மலைக் கிராமங்களில் நிற்கும் பழைய ஆப்பிள் மரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதலாம். சர்வே எண், மரத்துக்கு உடையவர், உத்தேச வயது, காய்க்கும் மாதம், குச்சி யார் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பவை அவ்வரியில் அடங்கும். கடைசிக் கலமே முக்கியமானது. அது வெறுமையாக இருக்கும் மரமே அபாயத்திலிருக்கும் மரம். ஒரு மரத்துக்கு எதிரே, ஒன்றுக்கொன்று தூரமான மூன்று தோட்டங்களின் பெயர்களேனும் எழுதப்பட்டாலன்றி அந்த ரகம் காக்கப்பட்டதாகக் கொள்ளலாகாது. நிலம் கைமாறும்போதும், பாதை அகலப்படுத்த மரங்களை வெட்ட உத்தரவாகும்போதும், இப்பதிவேட்டைப் பார்த்து முன்னதாகக் குச்சி எடுக்கச் செய்தல் எளிது.

இவற்றுள் எதுவும் பெரும் பொருளோ புதுச் சட்டமோ வேண்டுவதன்று. மரம் வைத்திருப்பவர் குச்சி தர இசைவதும், வாங்குபவர் பெயர்ச்சீட்டைக் கிழியாமல் காப்பதும், அதிகாரி ஒரு வரி எழுதுவதும் போதும். மரத்தின் வயது காத்திராது. கவாத்து செய்யும் காலமே குச்சி எடுக்கும் காலமுமாகும். வரும் டிசம்பரில் கவாத்துக் கத்தியை எடுக்கும் ஒவ்வொரு மலைத்தோட்டக்காரரும், வெட்டி எறியும் குச்சிகளில் நான்கைப் பொறுக்கிச் சுற்றி, அண்டைத் தோட்டக்காரருக்கு இரண்டும் தூரத்துத் தோட்டக்காரருக்கு இரண்டுமாகக் கொடுப்பாராக.